கிடாவுக்கு டெஸ்ட் எடுத்த பர்னபாஸ்

பர்னபாஸ் அண்ணனைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை சொல் என்றால் சொல்வேன். ஆனால் முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிட்டுத்தான் சொல்வேன். தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அவர் இருமினால் என் தூக்கம் போகும், என் வீட்டில் மிளகாய் வறுத்தால் அவர் தும்முவார். நான் வேலு. முப்பத்தைந்து வருடம் கால்நடை ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் வேலை பார்த்து, ஆட்டுக்கும் மாட்டுக்கும் காலைப் பிடித்து ரிட்டயர் ஆனவன். மிருகங்களின் பிடிவாதம் எனக்குப் பழக்கம். மனுஷனின் பிடிவாதத்துக்கு யாரும் எனக்கு டிரெயினிங் கொடுக்கவில்லை.

அண்ணனுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. பத்தொன்பது வயதில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி பூமிக்குள் இறங்கியவர், மைன்ஸ் மூடுகிறவரை மேலே வந்து வெயில் பார்த்ததெல்லாம் ஷிப்ட் முடிந்த பிறகுதான். பாறையில் டிரில் போடுகிற வேலை. கூடவே யூனியன் கமிட்டி மெம்பர். மேனேஜ்மெண்ட் எதிரில் நின்று பேச ஆள் வேண்டுமென்றால் பர்னபாஸைத்தான் முன்னால் தள்ளுவார்கள். மனு எழுதுவது, கையெழுத்து வாங்குவது, கும்பலைக் கூட்டிக்கொண்டு போவது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. மைன்ஸ் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லையா, மனு. சர்ச்சில் ஃபேன் ஓடவில்லையா, அதற்கும் மனு. ஆண்டவருக்கே ஒரு காப்பி அனுப்பியிருப்பார், விலாசம் தெரியாததால் விட்டுவிட்டார்.

இவ்வளவு தைரியசாலிக்கு ஒரே ஒரு சொல் என்றால் மட்டும் குலை நடுங்கும். 'அன்ஃபிட்.' அந்தக் காலத்தில் வருடத்துக்கு ஒரு முறை நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். பாறைத்தூள் படிந்திருந்தால் 'அன்ஃபிட்' என்று எழுதி மேலே அனுப்பிவிடுவார்கள். மேலே வேலை உண்டு, ஆனால் மரியாதை இல்லை. சர்ஃபேஸ் ஆள் என்று சொந்தப் பெண்டாட்டியே ஒரு மாதிரி பார்ப்பாள். அதனால் அண்ணன் மாதிரி ஆட்கள் ஒரு வேலை செய்வார்கள். நல்ல நெஞ்சு உள்ள ஒரு புதுப் பையனைப் பிடித்து, தன் பெயரைச் சொல்லி எக்ஸ்ரே மெஷின் முன்னால் நிறுத்திவிடுவார்கள். இப்படி ஏழு வருடம் பர்னபாஸ் என்ற பெயரில் யார் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்து நின்றார்கள். பேப்பரில் அண்ணனின் நுரையீரல் வருடத்துக்கு வருடம் இளமையாகிக்கொண்டே போனது. இன்றைக்கும் காலையில் ஒரு மணி நேரம் இருமுகிறார். கேட்டால் பனி என்பார். மே மாதத்திலும் பனிதான்.

மைன்ஸ் மூடின பிறகு பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாகப் பல வருடம் ரயிலில் போய் வந்தார். அதுவும் முடிந்ததும் ஒரு கிடா வாங்கினார். நல்ல கறுப்பு, நெற்றியில் வெள்ளை, பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்லத் தோன்றும். பெயர் சாம்பியன். மைசூர் மைன்ஸ் லைனிலிருந்து நந்திதுர்க் லைன் வரைக்கும் பருவத்துக்கு வந்த பெட்டை ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். சாம்பியனிடம் விட்டால் சினை நிச்சயம் என்று பேர். அந்தப் பேரை அண்ணன் தானே சம்பாதித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார்.

அவருக்கு ஒரே மகன், சைலஸ். முப்பத்து நாலு வயது. தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூர் போய் இருட்டின பிறகு வருகிற கம்ப்யூட்டர் வேலை. போகும்போது மடியில் லேப்டாப், பேண்ட் பாக்கெட்டில் போன். வாயைத் திறந்து பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அவன் பெண்டாட்டி ஷைலா, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறாள். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் விரலில் ஓடும். கல்யாணமாகி நாலு வருடம். குழந்தை இல்லை.

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கும். நாலு வருடமாக அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இழுத்தடித்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், இரண்டு தடவை மயக்க மருந்து கொடுத்துக் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் எல்லாம் நார்மல் என்றுதான் ரிப்போர்ட் வந்தது. நார்மல் என்றால் இன்னும் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். இந்த வருடம் மாமியார் பாக்கியவதி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தேதி வாங்கிவிட்டாள். வயிற்றில் ஓட்டை போட்டு உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பார்களாம். இருபதாம் தேதி. சைலஸுக்கு? ஒரு டெஸ்ட் கூடக் கிடையாது. ஒரு முறை நான் வாயை அடக்க முடியாமல் கேட்டேன்.

"ஏண்ணா, பையனையும் ஒரு தபா பாத்துடலாமே. சின்ன டெஸ்டுதான். கத்தி இல்ல, ஊசி இல்ல."

"இன்னா பேசற வேலு? என் புள்ளைய அன்ஃபிட்டுன்னு எவனோ எழுதறதுக்கு நானே இட்டுனு போவணுமா? எங்க வம்சத்துல அந்தப் பேச்சே கெடையாது."

அந்த வம்சத்தில் டெஸ்டே கிடையாது, பேச்சு எங்கிருந்து வரும்? அதைச் சொல்லவில்லை. ஒற்றைச் சுவர்க்காரனிடம் சண்டை போட்டுவிட்டு எங்கே போய் உட்காருவது?

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் லைனுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் போன் டவர் முளைத்தது. நாலே நாளில் நட்டுவிட்டு, கம்பி வேலி போட்டு, பூட்டைத் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாளே எதிர்வீட்டு பாப்பம்மாவுக்குத் தலைவலி. கடைசி வீட்டு ரூபேஷ் மட்டும் சிக்னல் பிரமாதம், வீடியோ பிசிறில்லாமல் ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டான். சம்பங்கி என்று ஒருத்தி, நாலு ஆடு வைத்திருக்கிறாள், நாக்கில் நல்ல நீளம். அந்த மாதம் அவள் சாம்பியனிடம் விட்ட இரண்டு ஆடும் சினை பிடிக்கவில்லை. அடுத்தடுத்து இன்னும் ஐந்து பேர் அதே புகாரோடு வந்தார்கள்.

அண்ணன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, டவர்தான் காரணம் என்றுவிட்டார். சாம்பியனை ஆட்டோவில் ஏற்றி, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, என்னையும் இழுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டர் இந்து, நான் ரிட்டயர் ஆகும்போது புதிதாக வந்த பெண், கெட்டிக்காரி. பெட்டை ஆடு ஒன்றை முன்னால் நிறுத்தி, ரப்பர்க் குழாயில் கிடாவின் விந்தைப் பிடித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். அண்ணன் கூச்சம் என்பதே இல்லாமல் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எண்ணிக்கை குறைஞ்சிருக்கு," என்றாள் டாக்டர். "ஒரு நாளைக்கு எத்தனை ஆடு விடறீங்க?"

"மார்னிங் ஷிப்டுல மூணு, செகண்ட் ஷிப்டுல மூணு. சீசன்ல ஓவர்டைம்."

"லீவு?"

"கிடாக்கு இன்னாத்துக்கு மேடம் லீவு?"

"அதுதான் காரணம். ரெண்டு வாரம் கட்டிப் போட்டு நல்லா தீனி குடுங்க. சரியாயிடும்."

வெளியே வந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கேட்டியா வேலு? கொறஞ்சி கீதாம்! டாக்டரே சொல்ட்டாங்க!" அவர் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான். ஷிப்டு, லீவு, தீனி ஒன்றும் உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஷைலாவைக் கூப்பிட்டு, டவரால் ஆண் மிருகத்துக்கு என்ன ஆகும் என்று போனில் தேடச் சொன்னார். அந்தப் பெண் தேடிப் படித்தாள். எலிக் கூண்டுக்கு அடியில் போனை வைத்து மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள், சில இடங்களில் ஆண் எலிகளின் விந்தணு குறைந்திருக்கிறது. சில இடங்களில் ஒரு வித்தியாசமும் இல்லை. முயலிலும் பார்த்திருக்கிறார்கள். இன்னும் நன்றாக ஆராய வேண்டும், மனுஷனுக்கு இதை அப்படியே சொல்லிவிட முடியாது என்று எழுதியிருக்கிறார்கள்.

"கொறஞ்சதை மட்டும் எழுதிக்கோம்மா," என்றார் அண்ணன். "மத்ததெல்லாம் கம்பெனிக்காரன் துட்டு குடுத்து எழுதனது."

ஷைலா எழுதிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு அப்போதே மனதில் ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும், எனக்குத்தான் புத்தி போகவில்லை.

தாலுகா ஆபீஸில் மனுவை வாங்கிப் பார்த்த கிளார்க் நயமாகப் பேசினார். ஆட்டு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து டவரை நிறுத்த முடியாது சார், மனுஷர்களுக்கு ஏதாவது பாதிப்பு என்றால் மெடிக்கல் ரிப்போர்ட்டோடு வாருங்கள் என்றார். அண்ணனுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தண்ணீர்த் தொட்டி அருகே கூட்டம் போட்டுவிட்டார். லைனில் இருக்கிற எல்லாரும் வந்தார்கள். நாலு வருடமாக இப்படி ஒரு பேச்சு எங்கள் தெருவில் நடக்கவில்லை. அண்ணன் செங்கல் மேல் ஏறி நின்றார். இருமல்கூட அன்றைக்கு அடங்கி இருந்தது.

"எலிக்கு வந்தது! முயலுக்கு வந்தது! எங்க சாம்பியனுக்கே வந்துடுச்சி! நாளைக்கு நம்ம ஆம்பள பசங்களுக்கு வராதுன்னு எவனாவது கையெழுத்து போட்டுத் தருவானா? பொம்பளைங்களயே கொற சொல்லிக்கினு இருந்தா எப்படி? ஆம்பளைக்கும் கொற வரும்னு சயின்ஸே சொல்லுது!"

கர்த்தரே! நான் பிறவியில் இந்து, ஆனாலும் அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது. இதே மனுஷன், இதே வாய்! பாக்கியவதி பக்கத்தில் நின்று தலையை ஆட்டுகிறாள். ஷைலா கீழே உட்கார்ந்து, மடியில் பலகை வைத்துப் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டு தடவை மயக்க மருந்து வாங்கின பெண்.

சம்பங்கிதான் ஆரம்பித்து வைத்தாள். "கிடாக்கு டெஸ்டு எடுத்தாச்சி. ஆம்பளைங்களுக்கு எப்ப எடுக்கறது? ஆபீஸ்ல ரிப்போர்ட் கேட்டாங்களாமே?"

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. ஆண்கள் செருப்பைப் பார்த்தார்கள். அண்ணன் சிரிப்புக்கெல்லாம் மசிகிற ஆளா? "எடுப்போம்! கல்யாணமான ஆம்பளைங்க எல்லாரும் எடுப்போம்! ராபர்ட்சன்பேட்டைல லேப்பு கீது. பத்து ரிப்போர்ட்ட எடுத்துனு போயி டேபிள் மேல போடுவோம்!"

அப்போது ஷைலா தலையைத் தூக்கி, மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"லிஸ்ட்ல மொதல் பேரு யாரு மாமா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரணக் கேள்வி. எங்கள் ஊரில் இல்லை. மைன்ஸ் காலத்திலிருந்து ஒரு பழக்கம். யார் கோரிக்கையை எழுப்புகிறானோ அவன் வீட்டுப் பெயர்தான் பட்டியலில் முதலில் வரும். உண்ணாவிரதம் என்றால் அவன்தான் முதலில் பட்டினி, மறியல் என்றால் அவன்தான் முதலில் வேனில் ஏறுவான். தன் பெயரை இரண்டாவதாகப் போட்டவனை அதற்குப் பிறகு எவனும் டீக்குக்கூடக் கூப்பிட மாட்டான். அண்ணனே அப்படி இரண்டு பேரை ஒதுக்கி வைத்தவர். தெருவே அவர் வாயைப் பார்த்தது. அவருக்குக் கல்யாணமான ஆண் என்று வீட்டில் இருப்பது, வயதான தன்னைத் தவிர, ஒருத்தன்தான்.

ஒரு தடவை இருமினார். "எங்க வூட்டுப் பேருதான்," என்றார்.

ஷைலா எழுதினாள். ஒன்று, சைலஸ், வயது முப்பத்து நாலு. பிறகு பலகையை என்னிடம் நீட்டினாள். "ரெண்டாவது நீங்க போடறீங்களா அங்கிள்?" எனக்கு அறுபத்திரண்டு வயது, மூன்று பேரன். போட்டேன். இப்போதும் என் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஞாயிறாக இருந்தும் சைலஸ் அன்று ஆபீஸ் வேலையாகப் பெங்களூரில் இருந்தான். தன் பெயர் முதலில் வந்த விஷயம் அவனுக்கு ரயிலிலேயே ஐந்து பேர் போனில் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் என் அக்கா மகன் மஞ்சுநாத் சாப்பிட வந்தான். கரண்ட் கம்பம் ஏறுகிற லைன்மேன். டவர் கதையைச் சொன்னதும் சோற்றில் கையை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா, அந்த டவருக்கு இன்னும் கனெக்ஷனே குடுக்கல! மீட்டர் வரல, லைன் இழுக்கல. ஜெனரேட்டர்கூட வெக்கல. சும்மா இரும்பு நிக்குது. அதுல காக்கா ஒக்காந்தா உண்டு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை கழுவாமலே எழுந்து பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். இந்த மனுஷன் கும்பலைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போய் அவமானப்படுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டாமா? குழாயடியில் ஷைலா குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததுமே வழியை மறித்தாள்.

"மஞ்சுநாத் வந்திருக்காரே, கரண்ட் விஷயம்தானே அங்கிள்? எனக்குத் தெரியும். கனெக்ஷனுக்கு அப்ளிகேஷன் டைப் பண்ணதே நான்தான். இன்னும் கரண்ட் ஆபீஸ்லயே கெடக்குது."

"தெரிஞ்சேவாம்மா இவ்ளோ நாளா எழுதிக்கினு இருந்த?"

"இன்னும் பத்து நாளைக்கு மாமாகிட்ட சொல்லாதீங்க. இருபதாம் தேதிக்குள்ள எங்க வூட்டுக்காரரு டெஸ்டுக்குப் போய்ட்டா போதும். இல்லன்னா என் வயித்துல மூணாவது தபா கைய வெப்பாங்க." குடம் நிரம்பி வழிந்தது, அவள் குழாயை மூடவில்லை. "எனக்குப் பயமா இருக்குது அங்கிள். போன தபா மயக்கம் தெளியவே இல்ல, நாலு மணி நேரம். அவங்க யாரும் அதப்பத்திப் பேசறதே இல்ல."

நான் வாயைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். மஞ்சுநாத்தையும் மிரட்டி வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எனக்கு நெருப்பின் மேல் உட்கார்ந்த மாதிரிதான். யாராவது ஒருத்தன் அந்த வேலிக்குப் பக்கத்தில் போய் மேலே பார்த்துவிட்டு, அட, ஒயரே இல்லையே என்று சொன்னால் கதை முடிந்தது. ஒருத்தனும் சொல்லவில்லை. பாப்பம்மாவுக்குத் தலைவலி அதிகமாகி நெற்றியில் துணி கட்டிக்கொண்டாள். ரூபேஷுக்கு சிக்னல் இன்னும் பிரமாதமாகிவிட்டது.

பதினாலாம் தேதி சனிக்கிழமை லேப்புக்குப் போவது என்று முடிவு. அதற்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"வேலு, உன் அக்கா மகன் மஞ்சுநாத்துக்கு எத்தினி புள்ளைங்க?"

"மூணு. ஏண்ணா?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு லேப்புல சைலஸ் பேரச் சொல்லிக்கினு அவன் போய்ட்டு வந்துட்டான்னா..."

எனக்கு ஒரு கணம் புரியவே இல்லை. புரிந்ததும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எக்ஸ்ரே! இந்த மனுஷன் நாற்பது வருடத்துக்கு முந்தின எக்ஸ்ரே வேலையை இங்கே காட்டப் பார்க்கிறார்! அதுவும் எந்த அழகில்? மற்ற ஒன்பது பேர் ரிப்போர்ட்டிலும் குறைவு இருக்க வேண்டும், அப்போதுதான் டவர் மேல் பழி விழும். தன் மகன் ரிப்போர்ட் மட்டும் முழுசாக இருக்க வேண்டும், அப்போதுதான் வம்சம் நிற்கும்.

"உனக்கு வெக்கமா இல்லியா ணா?" கத்தியே விட்டேன். "அடுத்தவன் நெஞ்சக் காட்டிக் காட்டித்தான இன்னிக்கு விடிஞ்சா இருமிக்கினு கெடக்கற? அப்பவே தெரிஞ்சிருந்தா வைத்தியம் பாத்துருக்கலாம்ல? இப்ப உன் புள்ளைக்கும் அதயே பண்றியா? அப்ப அந்தப் பொண்ணு வயித்துல கத்தி போடறதுக்கு அவ பேருல யார அனுப்பலாம், அதயும் சொல்லு!"

அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். ராத்திரி படுத்த பிறகு கத்தியிருக்க வேண்டாமோ என்றும் இருந்தது, இன்னும் நாலு வருடம் முன்னாலேயே கத்தியிருக்க வேண்டும் என்றும் இருந்தது.

காலையில் லேப்பில் பத்துப் பேரும் வரிசையில் நின்றோம். கவுண்டரில் இருந்த பெண் ஆதார் கார்டு கேட்டாள், முகத்தையும் கார்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அண்ணன் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எக்ஸ்ரே காலத்தில் ஆதார் இல்லை. சைலஸ் முதல் ஆளாக நின்றான். காது வரைக்கும் சிவந்திருந்தது, ஆனால் நின்றான். டப்பாவைக் கையில் வாங்கும்போது அவன் ஷைலாவைப் பார்த்தான். அவள் வாசலில் நின்றபடி தலையை மட்டும் ஆட்டினாள்.

திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது. ஒன்பது பேருக்கு நார்மல், என்னையும் சேர்த்து. சைலஸுக்கு எண்ணிக்கை மிகவும் குறைவு. அன்றைக்கே அவன் லீவு போட்டு ஷைலாவோடு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தான். விதைப்பையில் ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, அது காரணமாக இருக்கலாம், சின்ன ஆபரேஷன் செய்து பார்க்கலாம், நம்பிக்கை இருக்கிறது என்றாராம். போனை ஏன் பேண்ட் பாக்கெட்டில் வைக்கிறாய் என்றும் கேட்டாராம். அதனால்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் லேப்டாப் பையில் வைத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை என்றாராம்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டு முன்னால் எல்லாரும் இருந்தார்கள். நானும் போனேன். பாக்கியவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சைலஸ் நின்றபடியே சொன்னான். அவன் அவ்வளவு பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அம்மா, இருபதாம் தேதி ஷைலா எங்கயும் போமாட்டா. போன் பண்ணி கேன்சல் பண்ணிட்டேன். ஆபரேஷன் எனக்குத்தான். நாலு வருஷம் முன்னாலயே நான் போயிருக்கணும். பயந்துட்டேன்."

ஷைலா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தோள் தளர்ந்து கீழே இறங்கியதை நான் பார்த்தேன்.

அண்ணன் மட்டும் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் மெதுவாக அந்த முகத்தில் ரத்தம் ஏறியது. எழுந்து நின்றார்.

"டவரு! நான் சொல்லல? ஒம்போது பேரு வயசானவனுங்க, புள்ள பெத்து முடிச்சவனுங்க. எளம் புள்ள இவன் ஒருத்தன், இவனத்தான் புடிச்சிக்கிச்சி! ஷைலா, பேப்பர் எடும்மா. இந்த ரிப்போர்ட்ட வெச்சி எழுது. எம் புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல, எல்லாம் அந்தக் கம்பெனிக்காரன் பண்ணதுன்னு எழுது!"

ஷைலா அசையவில்லை. "டவருக்கு இன்னும் கரண்டே வரல மாமா," என்றாள்.

"இன்னாது?"

"நட்டதோட சரி. ஒரு நாள்கூட ஓடல. கனெக்ஷன் அப்ளிகேஷன் நான்தான் டைப் பண்ணேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். லைன் ஓரத்தில் தெரிந்த அந்த இரும்பைப் பார்த்தார். பிறகு செங்கல் கட்டையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"உனக்கு எப்பலருந்து தெரியும்?"

"மொதல் நாள்லருந்து."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா எனக்கு மனு எழுதிக் குடுத்த? எலி, முயலுன்னு படிச்சிப் படிச்சிச் சொன்ன? தெருவே என்னப் பாத்து சிரிக்கப் போவுதே!"

அந்தப் பெண் கோபமாகப் பேசவில்லை. குரலை உயர்த்தியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"டவருக்கு எதிரான மனுன்னு சொன்னதால கையெழுத்துப் போட்டீங்க. ஷைலாவ வெட்டறதுக்கு முன்னால சைலஸுக்கு ஒரு டெஸ்டு எடுக்கணும்னு எனக்காக ஒரு மனு எழுதியிருந்தா, போட்டிருப்பீங்களா மாமா?"

மேனேஜ்மெண்ட் முன்னாலும் போலீஸ் முன்னாலும் பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனுஷன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அவள் மறுத்திருக்க மாட்டாள். பாக்கியவதிகூட அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த ரிப்போர்ட்டை மடித்து, எழுந்து போய் அவள் கையில் கொடுத்தார்.

"போட்டிருக்க மாட்டேம்மா," என்றார்.